அடீனியமா, மருளா, மான்ஸ்டெராவா, ஆர்க்கிடா? ராமநாதபுரம் கடலோர வீட்டுக்கு எது சரிப்படும்

ஒரே மாதத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: நம் கடலோர வீட்டில் அபூர்வச் செடி எது பிழைக்கும்?

கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா (அக்கா): "தம்பி, வீட்டுக்கு நடுவுல முற்றம் இருக்கு. வெளிச்சம் நல்லா வரும், வெயில் நேரா விழாது. பெரிய இலைச் செடி வைக்கலாமா, ஆர்க்கிட் வைக்கலாமா?"

பாம்பனிலிருந்து கல்லூரி படிக்கும் ஒரு தம்பி: "அண்ணே, வீடியோ பாத்துப் பாத்து ஆசை வந்திருச்சு. எங்க வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல ரோடு மட்டும்தான். எது பிழைக்கும்?"

ராமநாதபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு கணவன் மனைவி: வேலை நிமித்தம் பாதி நாள் மதுரை. பூட்டிவிட்டுப் போனாலும் சாகாத செடி, ஆனால் எல்லார் வீட்டிலும் இருக்கிற மணி பிளாண்ட் வேண்டாம்.

மூன்று பேருக்கும் தனித்தனியாக போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நான் இருப்பது மண்டபத்தில், வடகடல் பக்கம். செடி சேர்க்க ஆரம்பித்த முதல் இரண்டு வருடத்தில் வாங்கியதில் பாதிக்கு மேல் செத்துப்போனது. எல்லாவற்றையும் உரத்தாலும் பூச்சி மருந்தாலும் காப்பாற்றப் பார்த்தேன். குற்றவாளி மோட்டார் போட்டால் வருகிற போர்த் தண்ணீர் என்று புரிய அவ்வளவு நாள் ஆயிற்று.

## எதை வைத்து எடை போடுவது

தண்ணீர். நம் ஊரில் செடி வாங்கும் முன் வாங்க வேண்டிய பொருள் டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி. பேனா அளவு இருக்கும், சில நூறு ரூபாய். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. கடல் நீர் 35,000 சுமார். நம் தெருக்களின் போர்த் தண்ணீர் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் நிற்கும். பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்குமே வித்தியாசம் வரும். தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். உள்ளே தள்ளியிருக்கும் ஊரில் 200 அடி போட்டும் உப்பாக வரும். அதனால் ஊர்ப் பேரைச் சொல்லிக் கேட்காதீர்கள், எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

எண் ஏன் முக்கியம் என்றால், கணக்கு எளிது. 1,000 டிடிஎஸ் தண்ணீர் ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்பு. தொட்டிக்கு வாரம் 2 லிட்டர் என்றால் ஆறு மாதத்தில் 52 கிராம். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு எங்கும் போகாது. மண்சட்டியின் வெளிப்பக்கம் விரல் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், வெள்ளையாகப் பூத்து நிற்பது அதுதான். இலையிலும் இதே கதை. வேர் உறிஞ்சிய உப்பு இலையின் நுனிவரை போய்த் தேங்குகிறது, அதனால்தான் கருகல் எப்போதும் நுனியில் தொடங்கி விளிம்பு வழியாக இறங்குகிறது. அதைப் பார்த்து "தண்ணீர் பத்தவில்லை" என்று இன்னும் இரண்டு குவளை அதே தண்ணீரை ஊற்றுவோம். நானும் ஊற்றியிருக்கிறேன்.

கொதிக்க வைத்தாலும் வாளியில் இரவு முழுக்க வைத்தாலும் உப்பு போகாது, குளோரின்தான் போகும். வீட்டில் சாஃப்ட்னர் பொருத்தியிருந்தால் இன்னும் மோசம்: அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிற இயந்திரம். சோப்பு நுரைக்கும், செடி வாடும்.

காற்று. நம் மாவட்டத்தை வறட்சி மாவட்டம் என்பார்கள். அது மண்ணுக்குப் பொருந்தும், கடலோரக் காற்றுக்குப் பொருந்தாது. இங்கே காற்றில் வருடம் முழுக்க ஈரம். மதுரையில் இலைச் செடி வளர்ப்பவர் ஈரப்பதம் ஏற்றும் மெஷின் வாங்குகிறார். நமக்கு அது இலவசம், தண்ணீர்தான் காசு. அதே காற்று உப்பையும் சுமந்து வரும், குறிப்பாக கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தையே துரு அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்தது. நீங்கள் ஆன்லைனில் வாங்கும் இரும்புச் செடி ஸ்டாண்ட் எம்மாத்திரம்? மரமோ சிமெண்ட் கல்லோ போதும்.

இரவுச் சூடு. மே மாதம் பாம்பனில் இரவிலும் 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. மலைப்பகுதியிலிருந்து வரும் செடிகள் பகல் வெயிலைவிட இந்த இரவுக்குத்தான் தோற்கும்.

ஆள் இல்லாத நாட்கள், மறைமுகச் செலவு. செடியின் விலை செலவில் சின்னப் பங்கு. மீதி தண்ணீர், தொட்டிக் கலவை, நிழல் வலை, பிறகு வீட்டில் வாங்கும் பேச்சு. தள்ளுவண்டியில் குடம் வைத்துத் தண்ணீர் பிடித்து வருகிற ஊர் இது. ஒரு நாள் அம்மா கேட்டார்: "ஏன்டா, குடிக்கிற தண்ணிய இதுக்கு ஊத்துறியே, இது என்ன காய்க்கவா போகுது?" இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதையும் ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

## ஒரு பார்வையில்

டிடிஎஸ் எண்கள் என் வீட்டில் கண்டது. அதற்கு மேல் போனால் உடனே சாகும் என்று அர்த்தமில்லை, அழகு போய்விடும்.

| | மருள் வகை | அடீனியம் | ஹோயா | பெரிய இலைச் செடிகள் (மான்ஸ்டெரா போன்றவை) | ஆர்க்கிட் |
|---|---|---|---|---|---|
| தாங்கும் டிடிஎஸ் | 1,500 வரை | 1,000 வரை | 500 வரை | 300 வரை | 200-க்குள் |
| உப்புக் காற்று | கவலையில்லை | தாங்கும் | ஓரளவு | தாங்காது | காற்று வேண்டும், உப்பு ஆகாது |
| வெளிச்சம் | மங்கலிலும் இருக்கும் | நேர் வெயில் 5 மணி நேரம் | பிரகாசமான நிழல் | பிரகாசமான நிழல் | சல்லடை வெயில் |
| மூன்று வாரம் ஆளில்லை என்றால் | தெரியவே தெரியாது | பரவாயில்லை | சுருங்கி மீளும் | பாதி போகும் | வாண்டா வகை போய்விடும் |
| முதன்மை எதிரி | அதிகத் தண்ணீர் | அடைமழை, புழு | பொறுமையின்மை | போர்த் தண்ணீர் | ஒரு நாள் சோம்பல் |
| மறைமுகச் செலவு | கிட்டத்தட்ட இல்லை | மழைக்கால இடமாற்றம் | குறைவு | நல்ல தண்ணீர், கண்ணாடி அலமாரி | தினசரி நல்ல தண்ணீர் |

## மருள்: உள்ளூர்க்காரர்

சான்செவியேரியா என்று கடையில் விற்பதற்கு நம் ஊரில் பேர் உண்டு. வேலி ஓரத்திலும் கோயில் காட்டிலும் தானாகக் கிடக்கும் மருள், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான சான்செவியேரியா ராக்ஸ்பர்கியானா. இதன் நாரை அந்தக் காலத்தில் வில்லுக்கு நாணாகத் திரித்தார்கள். தாவரவியலாளர்கள் இப்போது இந்தப் பேரினத்தையே டிரசீனாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். கடைக்காரர்கள் சேர்க்கவில்லை, நாமும் பழைய பேரிலேயே பேசலாம்.

"மருளா? அது அபூர்வமா?" என்று லாத்தா சிரித்தார். உருளையாக ஈட்டி போல நிற்கும் அங்கோலா நாட்டு சிலிண்டிரிகா, ஒரே ஒரு அகன்ற இலையாகத் திமிங்கிலத் துடுப்பு மாதிரி நிற்கும் மேசோனியானா, வெள்ளி பூசினதுபோல் இருக்கும் மூன்ஷைன் ஆகியவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் சிரிப்பு நிற்கும். சேர்க்க ஆரம்பித்தால் முடிவில்லாத குடும்பம் இது.

பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு இரவில் திறந்து மூச்சுவிடும் செடி என்பதால் தண்ணீர்ச் செலவு குறைவு. கோடையில் பத்து நாளுக்கு ஒரு முறை, மழைக்காலத்தில் மறந்தே போகலாம். போர்த் தண்ணீர் ஊற்றினாலும் மாதம் ஒரு முறை தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீரை விட்டு அடியில் வடிய வைத்தால் சேர்ந்த உப்பு இறங்கிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்று மழை இந்த வேலையைச் சும்மா செய்து கொடுக்கும்.

ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். மஞ்சள் கரை உள்ள வகையை இலையை வெட்டி நட்டால் வரும் கன்று வெறும் பச்சையாகத்தான் வரும். கரை வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்த பக்கக் கன்றைக் கேட்டு வாங்குங்கள்.

குறை? மெதுவாக வளரும், மாதக்கணக்கில் எதுவுமே நடக்காது. தினமும் காலையில் புது இலை பார்க்கிற ஆசை உள்ளவருக்கு இது கல்லை வளர்ப்பது மாதிரி.

## அடீனியம்: வெயில் உள்ள மாடிக்கு

பாலைவன ரோஜா என்பார்கள், ஆனால் அரளிக் குடும்பம். ஆப்பிரிக்காவின் வறண்ட சாகேல் பகுதியும் அரேபியாவும் சொந்த ஊர். பானை போலப் பருத்த அடித்தண்டுதான் சேகரிப்பவர்களின் மோகம்.

வாங்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது: ஒட்டா, விதைக் கன்றா? அடுக்குப் பூ, கருஞ்சிவப்புப் பூ என்று பூவுக்காக என்றால் ஒட்டுச் செடி. விதையில் அந்த நிறம் அப்படியே வராது. பருத்த அடிக்காக என்றால் விதைக் கன்று. சின்னதாக, மலிவாக வாங்கி, வருடத்துக்கு ஒருமுறை வேரைக் கொஞ்சம் மேலே தூக்கி நட்டு நீங்களே பருக்க வைக்கலாம். "பத்து வருட அரபிகம்" (அரேபிய அடீனியம்) என்று பெரிய விலை சொல்லும் செடியை நேரில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருக்க வேண்டும். அமுங்கினால் ஒன்று தாகம், இல்லை உள்ளே அழுகல். தாகம் என்றால் தண்ணீர் விட்ட சில நாளில் இறுகும். கடையில் அதைச் சோதிக்க முடியாது, அதனால் அமுங்குவதை வாங்காதீர்கள்.

கலவைக்கு நம் மாவட்டத்தில் தங்கம் இருக்கிறது: சீமைக்கருவேலக் கரி. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற அதே கரி. கட்டைவிரல் நகம் அளவுக்கு உடைத்து, சாம்பலைக் கழுவிவிட்டு, செங்கல் துண்டும் ஆற்று மணலும் கொஞ்சம் மக்கிய எருவும் சேர்த்தால் போதும். கடல் மணல் வேண்டவே வேண்டாம். அழகுக்கு மேலே பவளக்கல் போடுவதும் வேண்டாம். சுண்ணாம்பு என்பதால் செடிக்கும் ஆகாது, வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது என்பதால் உங்களுக்கும் ஆகாது. சட்டிக்கு மானாமதுரை மண்சட்டி. ஓரம் அகலமாக, ஆழம் குறைவாக.

மறைமுகச் செலவு வடகிழக்குப் பருவமழையில் வரும். மூன்று நாள் அடைமழையில் நனைந்த அடீனியம் அடியிலிருந்து அழுகும். 20 தொட்டியைத் தூக்கித் தாழ்வாரத்துக்குள் வைக்க ஆள் வேண்டும், இடம் வேண்டும். நாற்பது கிலோ சட்டியாக வளர்த்துவிட்டு அக்டோபரில் முழிக்காதீர்கள்.

அப்புறம் புழு. அரளியைத் தின்கிற பருந்து அந்துப்பூச்சியின் புழு விரல் பருமனுக்கு இருக்கும். உடம்பு இலைப் பச்சை, தலைப்பக்கம் நீலக் கண் மாதிரி இரண்டு பொட்டு. ஒரு ராத்திரியில் ஒரு செடியை மொட்டையடிக்கும். காலையில் தொட்டியைச் சுற்றி மிளகு போலக் கறுப்பு எச்சம் கிடந்தால் மேலே தேடுங்கள், காம்போடு காம்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். குச்சியால் எடுத்துப் போட்டால் போதும், மருந்து தேவையில்லை. இலையும் பாலும் நஞ்சு. ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவியது இதுதான். குழந்தை தவழும் வீட்டிலும் ஆடு மேயும் வாசலிலும் கைக்கெட்டாத உயரத்தில்தான் வைக்க வேண்டும்.

வீட்டுக்குள் ஹாலில் வைக்க ஆசைப்படுபவர் இதை வாங்க வேண்டாம். வெயில் இல்லாவிட்டால் ஒல்லியாக நீண்டு, பூக்காமல், ஒரு நாள் சாய்ந்துவிடும்.

## ஹோயா: நடுவில் ஒரு வழி

மெழுகு இலை, மெழுகு பொம்மை போலக் கொத்துப் பூ, ராத்திரியில் வாசம். தடித்த இலை என்பதால் மான்ஸ்டெராவைவிடத் தாங்கும், மருளைவிடக் கேட்கும். தொங்கும் தொட்டியில் ஜன்னலோரம் வைக்கலாம். பூத்து உதிர்ந்த காம்பை வெட்டாதீர்கள், அடுத்த முறையும் அதே காம்பில்தான் பூக்கும்.

இதய வடிவில் ஒற்றை இலையை மட்டும் நட்டு விற்பார்கள், பிப்ரவரியில் அதிகம். தண்டின் கணு இல்லாத இலை வேர் விடும், வருடக்கணக்கில் பச்சையாக நிற்கும், இரண்டாவது இலை மட்டும் வராது. என் மேசையில் அப்படி ஒன்று நான்கு வருடமாக நிற்கிறது. அதன்மேல் கோபம் போய்விட்டது.

## மான்ஸ்டெரா, பிலோடெண்ட்ரான், ஆந்தூரியம், அலோகேசியா

சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கின் சொந்தக்காரர்கள். கருணை ஏன் அரிக்கிறதோ அதே சுண்ணாம்பு ஊசிகள்தான் இவற்றின் இலையிலும், அதனால் குழந்தையும் பூனையும் கடித்தால் வாய் எரியும். ஈரமான வெப்பக்காட்டில் மரமேறி வளர்ந்தவை. நம் கடலோரக் காற்று இவற்றுக்குச் சொந்த வீடு மாதிரி, நம் தண்ணீர் விஷம் மாதிரி. இந்த முரண்பாட்டைத் தீர்க்க முடிந்தால் மட்டும் இறங்குங்கள்.

தீர்க்க மூன்று வழி.

முதல் வழி மழை நீர். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர். முதல் மழையை விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் மாடியில் படிந்த உப்பும் தூசியும் அதில்தான் வரும். ஆறு அங்குலத் தொட்டி 15 வைத்திருப்பவருக்கு வாரம் 12 லிட்டர் போதும். டிசம்பரில் நிரப்பிய 200 லிட்டர் டிரம் இரண்டு இருந்தால் அடுத்த ஜூன் தாண்டும். டிரம் வாயில் கொசுவலை கட்டாவிட்டால் செடிக்குப் பதில் டெங்கு வளர்ப்பீர்கள்.

இரண்டாவது ஏசி வடிநீர். ஈரக்காற்று ஊர் என்பதால் எட்டு மணி நேரம் ஓடினால் அரை வாளிக்குக் குறையாது. மீட்டரில் வைத்தால் பெரும்பாலும் இரண்டு இலக்கம்தான் காட்டும். ஏசி சர்வீஸ் செய்த வாரம் மட்டும் பிடிக்காதீர்கள், கழுவிய ரசாயனம் வரும். இந்த வழி கண்டுபிடித்த பிறகு அம்மாவின் கேள்வி நின்றது.

மூன்றாவது கேன் தண்ணீர் அல்லது வீட்டு ஆர்ஓ. வேறு வழி இல்லாத மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் சுத்தமாக வர இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். அந்தக் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றிச் சிக்கனம் பிடிக்க நினைக்காதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

கச்சான் காற்றுக்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. 1829-இல் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு, மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு பெரணி தானாக முளைத்து வளர்வதைப் பார்த்தார். 1833-இல் அதைப் பெட்டியாகச் செய்து சிட்னிக்குக் கப்பலில் செடி அனுப்பினார். அதுவரை கப்பலில் ஏற்றிய செடிகள் பெரும்பாலும் உப்புச் சாரலிலேயே செத்துக்கொண்டிருந்தன. பெட்டிக்குள் இருந்தவை பிழைத்தன. நம் பிரச்சினையும் அதேதான். பழைய கண்ணாடிக் கதவு அலமாரியை வாங்கி, வடக்கு ஜன்னல் பக்கம் வைத்து, எல்இடி பட்டை ஒன்று ஒட்டினால் ஆந்தூரியத்தின் வெல்வெட் இலை கிழியாமல் வளரும். வெயில் நேராக விழும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், அவிந்துவிடும்.

தேங்காய் நார்க்கழிவு நம் பக்கம் மலிவு, ஆனால் அதுவே உப்பாக இருக்கும். ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரில் மீட்டரை விட்டுப் பாருங்கள். நீங்கள் ஊற்றிய தண்ணீரின் எண்ணுக்கு அருகில் வரும்வரை கழுவுங்கள். உச்சிப்புளிப் பக்கம் வாங்கிய ஒரு கட்டியை நான் நான்கு முறை அலசினேன்.

விலை விஷயத்தில் அவசரம் வேண்டாம். வெள்ளைத் திட்டு மான்ஸ்டெராவில் தாய் கான்ஸ்டலேஷன் (Thai Constellation) என்ற வகை திசு வளர்ப்பில் வருவது, அதனால் விலை வருடா வருடம் இறங்கியது. ஆல்போ என்ற இன்னொரு வகையின் திட்டு நிலையானதல்ல; பச்சையாகத் திரும்பலாம், முழு வெள்ளையாகி நின்றுபோகவும் செய்யலாம். வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது, உப்பில் முதலில் கருகுவதும் அதுதான். நான் ஒரு கணு உள்ள துண்டை ஆசையாக வாங்கி, போர்த் தண்ணீரில் நாற்பது நாளில் காப்பிப் பொடி நிறமாக்கினேன். பிங்க் காங்கோ என்ற பிலோடெண்ட்ரானை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அந்த இளஞ்சிவப்பு ரசாயனம் கொடுத்து வரவழைத்தது, சில மாதத்தில் வரும் புது இலையெல்லாம் பச்சை.

யாருக்கு நல்லது: மழை டிரம்மோ ஏசியோ உள்ள வீடு, காற்று நேராக அடிக்காத முற்றம், வாரம் இரு முறை செடியைத் தொட்டுப் பார்க்கிற ஆள். லாத்தாவின் வீடு இதற்கென்றே கட்டினது போல் இருக்கிறது.

## ஆர்க்கிட்

வாண்டா என்ற ஆர்க்கிடைக் கூடையில் வெறும் வேரோடு தொங்கவிட்டால் போதும் என்பது உண்மை. தினமும் நனைக்க வேண்டும் என்பதும் உண்மை. வேரின் மேல் வெள்ளிப் பூச்சு போல ஓர் உறை இருக்கும். தண்ணீர் பட்ட நொடியில் அது கண் முன்னாலேயே பச்சையாக மாறும். அந்தக் காட்சிக்காகவே காலையில் எழுந்திருக்கலாம். ஆனால் அந்த உறைதான் உப்பையும் பிடித்து வைக்கும். பத்து வாண்டாவுக்குத் தினம் 3 லிட்டர் வீதம் மாதம் 90 லிட்டர் நல்ல தண்ணீர். அதுவும் கோடையில் ஒரு வேளை தவறாமல். ஒரே வாளியில் எல்லாவற்றையும் முக்கினால் ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் வரும் என்பதால் தெளிப்பானில்தான் விட வேண்டும்.

டென்ட்ரோபியம் கொஞ்சம் சாது. கரித்துண்டில் நட்டு, ஐம்பது சதவீத நிழல் வலையின் கீழ் வைத்தால் நம் சூட்டிலும் பூக்கும். கடையில் பூவோடு கண்ணைப் பறிக்கும் பெலனோப்சிஸ் பூத்து முடிந்தபின் மறுபடி தண்டு விட இரவுக் குளிர்ச்சி கேட்கும், அது இங்கே டிசம்பர், ஜனவரியில்தான் கொஞ்சம் கிடைக்கும். பரிசாக வந்தால் வையுங்கள், காசு கொடுத்து வேண்டாம்.

காட்டிலிருந்து பிடுங்கியது என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் கை நீட்டாதீர்கள். நீல வாண்டா போன்றவை வனவிலங்குச் சட்டப் பட்டியலில் உள்ளவை. வெளிநாட்டு ஆர்க்கிட் என்றால் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடும், இறக்குமதிக்குத் தாவர நலச் சான்றிதழும் அனுமதியும் உண்டு. ஊருக்கு வரும்போது பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்லும் வளைகுடா உறவினர்களையும் தடுத்துவிடுங்கள்.

## இவை வேண்டாம்

கூழாங்கல் போன்ற லித்தாப்ஸ், ரோஜா அடுக்கு எச்செவீரியா: பாலைவனச் செடிதானே, நம் ஊர் வெயில் போதுமே என்று தோன்றும். அவற்றுக்குக் காய்ந்த காற்றும் குளிர்ந்த இரவும் வேண்டும். நம்மிடம் இரண்டும் இல்லை. கூரியரில் வந்த அழகோடு ஒரு மழைக்காலம் தாண்டினால் அதிர்ஷ்டம். பூச்சி தின்னும் குடுவைச் செடிக்கு மழைநீரைத் தவிர வேறு ஆகாது. அந்த இனத்தில் மேகாலயாவின் காசி மலைகளில் வளரும் நேபெந்தஸ் சட்டப் பாதுகாப்பு உள்ளதும்கூட. மண்ணே இல்லாத காற்றுச் செடிகள் நம் ஈரத்தில் நன்றாகவே இருக்கும், ஆனால் தண்ணீர் நடுவில் தேங்கினால் ஒரே ராத்திரியில் கழன்று கையோடு வரும். ஒன்றிரண்டு வாங்கிப் பழகுங்கள்.

## எப்போது வாங்குவது

ஏப்ரல், மே மாதம் கூரியர் வேனில் மூன்று நாள் வெந்துவிட்டு வரும். நவம்பரில் புயல் வந்து பாதை அடைத்தால் பார்சல் எங்கோ நிற்கும். ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல நேரம்: குளுமை, டிரம்மில் மழைநீர் நிறைய, கோடைக்குள் வேர் பிடிக்க மூன்று மாதம். வந்த செடியைப் பத்து நாள் தனியே வையுங்கள். இலைக்கவட்டில் பஞ்சு போல மாவுப்பூச்சி தெரிந்தால் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடித்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

ராமநாதபுரம் தம்பதிக்கு மருள் மூன்று, ஹோயா ஒன்று என்று சொல்லிவிட்டேன். லாத்தா ஏசி குழாய்க்குக் கீழே வாளி வைத்துவிட்டார். சாதாரணப் பச்சை மான்ஸ்டெரா ஒன்றில் தொடங்குகிறார், வெள்ளைத் திட்டு அடுத்த வருடம். பாம்பன் தம்பி மீட்டர் படத்தை அனுப்பினார்: 1,840. மருளுக்கே கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் மழையில் கழுவிக்கொண்டால் ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். சிலிண்டிரிகாவில் பக்கக் கன்று நான்கு கிடக்கிறது, காசு வேண்டாம், சட்டி மட்டும் கொண்டுவரட்டும்.